பிரிவு உபசார விழா உரையில், உடன் படித்து இடையில் விலகியவர்களின் பெயர்களையும் சொல்லலாமா?

கேள்வி
பதிந்தவர்: மலைமேல் மாணவி
2025 பிப்ரவரி 16

அனைவருக்கும் வணக்கம். நான் சேர்வராயன் மலையில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புப் படிக்கிறேன். செய்முறைத் தேர்வுகள் போன வாரம் முடிந்துவிட்டன. மார்ச் 3-ஆம் தேதி பொதுத்தேர்வு தொடங்குகிறது. இடையில், பிப்ரவரி 27 வியாழக்கிழமை மாலை, பதினோராம் வகுப்பினர் எங்களுக்குப் பிரிவு உபசார விழா நடத்துகிறார்கள். எங்கள் வகுப்பின் சார்பில் ஏழு நிமிடம் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து இங்கேயே இருப்பவள் என்பதால் பழைய கதையெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்று சொல்லி என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தப் பழைய கதையை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான் குழப்பம் தொடங்கியது.

2018 ஜூன் மாதம் நாங்கள் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது வருகைப் பதிவேட்டில் 46 பெயர்கள் இருந்தன. அந்த ஆண்டுதான் ஆறாம் வகுப்புக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. அண்ணன், அக்காக்களின் பழைய நோட்டைப் பார்த்து வீட்டுப்பாடம் எழுதும் வழி அதனால் எங்களுக்கு அடைபட்டுப் போனது. வெள்ளக்கடை, நாகலூர், செம்மநத்தம், கொட்டச்சேடு என்று நாலா பக்கத்திலிருந்தும் வந்து ஒருவரையொருவர் அறியாமல் உட்கார்ந்திருந்த நாங்கள், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதியே ஒரு வகுப்பாகச் சேர்ந்தோம் என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்த 46 பேரில் இன்று 27 பேர்தான் பன்னிரண்டாம் வகுப்பில் இருக்கிறோம், அதுவும் மூன்று பாடப்பிரிவுகளாகப் பிரிந்து. பதினோராம் வகுப்பில் வேறு பள்ளிகளிலிருந்து வந்து சேர்ந்தவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களை நாங்கள் வேறாக நினைத்ததில்லை. மீதி 19 பேரைப் பற்றித்தான் இந்தக் கேள்வி.

நாங்கள் ஏழாம் வகுப்பை முடிக்கும் தறுவாயில், 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். எட்டாம் வகுப்பு அறையில் நாங்கள் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை. 2021 செப்டம்பர் 1 அன்று நேராக ஒன்பதாம் வகுப்புக்குத்தான் வந்தோம். இடைப்பட்ட பதினேழு மாதத்தில் கல்வித் தொலைக்காட்சி பார்த்தவர்கள் சிலர். ஊருக்கு மேலே உள்ள பாறையில் ஏறினால் இரண்டு கோடு சிக்னல் கிடைக்கும் என்று அங்கே குடையோடு போய் உட்கார்ந்து, வாட்ஸப்பில் வந்த வினாத்தாளைப் பார்த்து எழுதியவர்கள் சிலர். நவம்பர் பிறந்ததும் அம்மாவோடு காப்பிப் பழம் எடுக்கப் போனவர்கள் பலர். நானும் போனேன். சாயங்காலம் பழத்தின் பிசுக்கு விரல் இடுக்குகளில் கறுத்துக் காய்ந்திருக்கும். அந்தக் கையோடு பேனாவைப் பிடித்தால் பேனாவும் ஒட்டிக்கொள்ளும். செப்டம்பரில் பள்ளி திறந்தபோது எங்களில் ஏழு பேர் வரவில்லை. அவர்களுக்கு யாரும் பிரிவு உபசாரம் நடத்தவில்லை. "நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டு மார்ச்சில் போனவர்கள், அவ்வளவுதான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு எட்டுப் பேர் விலகினார்கள். நான்கு பேர் அதற்கு முன்பே குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

போன மாதம் பரணில் இருந்த பெட்டியில் ஒரு நாற்பது பக்க நோட்டு அகப்பட்டது. ஆறாம் வகுப்பில் நான் லீடராக இருந்த ஒரு பருவத்தில், ஆசிரியர் இல்லாத பாடவேளைகளில் பேசியவர்களின் பெயரை எழுதி வைத்த நோட்டு அது. கரும்பலகையில் எழுதினால் நான் திரும்புவதற்குள் அழித்துவிடுகிறார்கள் என்பதால் நோட்டுக்கு மாறியிருந்தேன். ஒவ்வொரு முறை பேசியதற்கும் பெயருக்கு எதிரே ஒரு கோடு, அடங்காதவர்களுக்கு "மிக", அதற்கும் அடங்காதவர்களுக்கு "மிக மிக". எல்லாரையும்விட அதிகமாக 41 கோடு வாங்கியவன், ஒன்பதாம் வகுப்புக்குத் திரும்பி வராத ஏழு பேரில் ஒருவன். அதிகம் பேசிய முதல் பத்துப் பேரில் ஆறு பேர் இன்று பள்ளியில் இல்லை.

இந்த 19 பேரின் பெயர்களையும் மேடையில் வாசித்து, எங்கள் வகுப்பு 46 பேரில் தொடங்கியது என்று சொல்ல விரும்புகிறேன். வகுப்பாசிரியர் தடுக்கவில்லை, ஆனால் "சந்தோஷமாகப் போக வேண்டிய நாள், யோசித்துச் செய்" என்றார். தோழிகளோ ஒகேனக்கல் சுற்றுலாவையும், டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதை சரிந்து, சேலத்திலிருந்து வரும் ஆசிரியர்கள் ஏறி வர முடியாமல் நாங்களே ஒருவருக்கொருவர் பாடம் நடத்திய கூத்தையும் சொன்னாலே ஏழு நிமிடம் போதாது என்கிறார்கள். மேலும், போனவர்களில் ஒரு தோழி எந்தச் சூழலில் போனாள் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. அவள் பெயரைச் சொன்னால் கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழும் என்று தெரியும். சொல்லாமல் விட்டால், அவளை மட்டும் இரண்டாம் முறை விலக்கியதுபோல் ஆகும்.

இப்படிப்பட்ட உரையைப் பேசியவர்கள், கேட்டவர்கள், அல்லது பெயர் விட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால் வழிகாட்டுங்கள்.


பதில் 1
பதிந்தவர்: அஸ்தம்பட்டி அண்ணன்
2025 பிப்ரவரி 16

தங்கைக்கு வணக்கம். நான் சேலம் நகரத்துப் பள்ளி ஒன்றில் 2021-இல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவன். முடித்தவன் என்று எழுதவே கை தயங்குகிறது. ஏனெனில் எங்கள் ஆண்டில் பள்ளி முடிந்த நாள் எது என்று எங்களில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

2021 ஜனவரி 19-ஆம் தேதி எங்களுக்குப் பள்ளி திறந்தார்கள். முகக்கவசத்தோடு மூன்று மாதம் போனோம். ஏப்ரலில் செய்முறைத் தேர்வு நடந்தது. மே மாதம் நடக்கவேண்டிய பொதுத்தேர்வு முதலில் தள்ளிப்போய், ஜூன் 5 அன்று அடியோடு ரத்தானது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணில் 50 சதவீதம், பதினோராம் வகுப்பில் 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டில் 30 என்று கூட்டி, ஜூலை 19-இல் முடிவு போட்டார்கள். எல்லாரும் தேர்ச்சி. அதைக் கொண்டாடவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. கைப்பேசியில் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டோம்.

வேதியியல் செய்முறைத் தேர்வில் நான் காலைப் பிரிவு, ஏழு ஆண்டாக என் பக்கத்தில் உட்கார்ந்தவன் மதியப் பிரிவு. நான் வெளியே வரும்போது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். "மூன்றாவது மேசை பியூரெட் சொட்டுகிறது, அங்கே போகாதே" என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போனான். பள்ளி மாணவனாக நான் அவனிடம் கடைசியாகப் பேசியது அதுதான். அவ்வளவு ஆண்டுப் பழக்கத்துக்கு முடிவுரையாக ஒழுகும் பியூரெட் வந்து அமைந்தது.

சென்ற ஆண்டு நாங்கள் ஒன்பது பேர் ஒரு தட்டுவடை செட் கடையில் கூடினோம். பள்ளியின் கடைசி நாளைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஆளுக்கு ஒரு நாளைச் சொன்னார்கள். ஒருவனுக்கு அது செய்முறைத் தேர்வு. இன்னொருவனுக்கு மதிப்பெண் பட்டியல் வாங்கப் போன நாள். வேறொருவன், பதினோராம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு 2020 மார்ச்சில் வெளியே வந்தோமே அதுதான் என்று சாதித்தான். எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து "இன்றோடு முடிந்தது" என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளாத வகுப்பு அப்படித்தான் ஆகும்போலிருக்கிறது.

ஆகவே என் கருத்து, பெயர்களை வாசியுங்கள் என்பதே. உங்கள் 27 பேருக்கு அந்த மாலை கிடைக்கிறது. அந்த ஏழு பேர் எங்கள் கணக்கில் சேர்ந்தவர்கள். சுற்றுலாக் கதை ஆண்டுதோறும் எல்லா வகுப்பும் சொல்வது. எட்டாம் வகுப்பு அறையைப் பார்க்காமலே எட்டாம் வகுப்பைத் தாண்டியதை உங்களைப் போன்ற ஓரிரு வகுப்பினர்தான் சொல்ல முடியும். அந்தக் காலி அறையைக் கட்டாயம் உரையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.


பதில் 2
பதிந்தவர்: ஒரு தகப்பன்
2025 பிப்ரவரி 17

கண்ணு, உன் நல்ல மனசு புரிகிறது. ஆனாலும் மாற்றுக் கருத்தை ஒருவராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். என் மகனும் இந்த ஆண்டுதான் எழுதுகிறான். 2023 ஏப்ரலில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு, 2024 மார்ச்சில் பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு, இப்போது இது. மூன்று ஆண்டில் மூன்றாவது பொதுத்தேர்வு. நாங்கள் படித்த காலத்தில் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் மூச்சுவிட ஓராண்டு இருந்தது. இவர்களுக்கு அதுவும் இல்லை. விழா முடிந்த நான்காம் நாள் தமிழ்த்தாள். மேடையில் ஒருத்தி அழுதால் அரங்கமே அழும். அழுத பிள்ளைகள் வெள்ளியும் சனியும் புத்தகத்தைத் தொடமாட்டார்கள். நோட்டில் இருப்பவர்களில் அங்கே உட்கார்ந்திருப்பவர்களின் பெயரை மட்டும் வாசித்துச் சிரிக்க வை. மற்றவர்களைத் தேர்வு முடிந்த பிறகு நேரில் போய்ப் பார்க்கலாம். அது மேடைப் பேச்சைவிடப் பெரிய மரியாதை.


பதில் 3
பதிந்தவர்: கணக்கு டீச்சர், ஓய்வு
2025 பிப்ரவரி 17

மலையிலும் சமவெளியிலுமாக முப்பது ஆண்டுக்கு மேல் அரசுப் பள்ளிகளில் கணக்குப் பாடம் நடத்திவிட்டு ஓய்வு பெற்றவள் நான். இந்தப் பெண் கேட்டிருப்பது பேச்சுக் கலையைப் பற்றிய கேள்விபோலத் தோன்றினாலும், உண்மையில் அது வருகைப் பதிவேட்டைப் பற்றிய கேள்வி. அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில், 19 பேரையும் ஒரே மூட்டையில் கட்டாதே அம்மா. குடும்பத்தோடு ஊர் மாறிப் போன நால்வர் டி.சி. வாங்கிக்கொண்டு வேறு பள்ளியில் சேர்ந்திருப்பார்கள். அவர்களும் இதே மார்ச் 3 அன்று எங்கோ தமிழ்த்தாள் எழுதப்போகிறவர்கள்தான். பத்தாம் வகுப்புக்குப் பிறகு போன எட்டுப் பேரில் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பாலிடெக்னிக்கிலோ சேர்ந்தவர்கள் இருந்தால், அவர்களைப் படிப்பை விட்டவர்கள் என்று எண்ணுவது பெரும் பிழை. உங்களுக்கு முன்பே ஒரு தொழில் கைவந்தவர்களாக இருப்பார்கள். உண்மையிலேயே நின்றுபோனவர்கள் எத்தனை பேர் என்று விசாரித்துக்கொண்டு பேச எழு. மேடையில் ஒருவரைப் பற்றித் தவறாகச் சொல்லிவிட்டால், சபையில் சொன்னது சபையிலேயே நின்றுவிடும்.

அடுத்து, நின்றுபோவது எப்படி நடக்கிறது என்பதை மலைப் பள்ளியில் வேலை பார்த்தவர்கள் பதிவேட்டின் ஓட்டைகளிலிருந்தே படித்துவிடுவார்கள். காப்பிப் பழம் நவம்பரில் பழுக்கத் தொடங்கி ஜனவரி வரை போகும். ஒரே செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. சிவந்ததை மட்டும் பார்த்துப் பறிக்க வேண்டியிருப்பதால் அதே செடிக்கு மூன்று, நான்கு முறை வரவேண்டும். கை அதிகம் வேண்டிய வேலை அது. அந்த மாதங்களில் வாரத்துக்கு ஓரிரு நாள் சில பிள்ளைகள் வரமாட்டார்கள். பொங்கல் முடிந்ததும் சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக்கொடியில் அறுவடை தொடங்கும். மரம் ஏறுவது அப்பா, கீழே ஏணியைப் பிடிப்பது மகன். இது தேர்வை ஒட்டிய காலம். இப்படி ஒருநாள், இரண்டு நாள் என்று விட்டவனுக்குக் கணக்கில் ஒரு பாடமே விட்டுப்போகும். விட்ட பாடத்தின் மேல்தான் அடுத்த பாடம் நிற்கிறது. புரியாத வகுப்பில் உட்கார்ந்திருப்பதைவிடத் தோட்டத்தில் நிற்பது மேல் என்று அவனுக்கு ஒருநாள் தோன்றும். பள்ளி பதினேழு மாதம் மூடிக்கிடந்தபோது, ஓட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே பெரிய ஓட்டையாயின. உன் நோட்டில் அதிகம் பேசிய பத்துப் பேரில் ஆறு பேர் இல்லை என்று எழுதியிருக்கிறாய். பாடம் விட்டுப்போன பிள்ளைதான் வகுப்பில் அதிகம் பேசும் என்பது என் அனுபவம். அப்போது நானும் அவர்களை எழுப்பி நிறுத்தினேன், ஒப்புக்கொள்கிறேன்.

2022-இல் புதுமைப் பெண் திட்டம் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் மாணவியருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். ஆண் பிள்ளைகளுக்குத் தமிழ்ப் புதல்வன் என்ற பெயரில் சென்ற ஆண்டு ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறார்கள். முதல் ஆண்டில் சான்று கேட்டு மாணவியர் வந்தபோது, பழைய பதிவேடுகளை அடுக்கி வைத்துக்கொண்டு ஏழு ஆண்டுகளையும் ஒரே உட்காரலில் புரட்ட நேர்ந்தது. ஆறாம் வகுப்புப் பதிவேட்டில் என் கையெழுத்திலேயே இருந்த பெயர்கள் பத்தாம் வகுப்புக்கு வருமுன் சிவப்பு மையில் ஒவ்வொன்றாக அடிபட்டுக்கொண்டு வந்தன. அடித்ததும் நான்தான். அடிக்கும்போது ஒவ்வொன்றும் ஒரு நாளின் அலுவல். ஏழு ஆண்டையும் சேர்த்துப் பார்த்த அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஆகையால் நீ கேட்பது சரியான கேள்விதான்.

ஆனால் 19 பெயர்களைத் தனியாகப் பிரித்து, நிறுத்தி நிறுத்தி வாசிக்காதே. மேடையிலிருந்து அப்படிப் பெயர்ப் பட்டியல் வாசித்தால் நம் ஊரில் அது இரங்கல் கூட்டம்போலத்தான் கேட்கும். சிலர் எழுந்தே நின்றுவிடுவார்கள். அந்தப் பிள்ளைகள் நலமாக இருக்கிறார்கள், நம் நடுவேதான் நடமாடுகிறார்கள். உன் நோட்டில் அவர்கள் எந்த வரிசையில் இருக்கிறார்களோ அந்த வரிசையிலேயே, இருப்பவர், போனவர் என்ற வேறுபாடு இல்லாமல், கோட்டின் எண்ணிக்கையோடு 46 பேரையும் வாசித்துவிடு. 2018-இல் பேசிய குற்றத்துக்கு எல்லாரும் சமம். தகப்பனார் ஒருவர் மேலே அஞ்சியிருப்பதுபோல் யாரும் அழ மாட்டார்கள். தன் கோட்டைக் கேட்கத்தான் காத்திருப்பார்கள். பெயருக்கு ஐந்து நொடி வைத்தாலும் நான்கு நிமிடம் ஆகாது. மீதி நேரத்துக்கு எட்டாம் வகுப்பு அறையும் மலைச்சரிவும் இருக்கின்றன.

அந்தத் தோழியைப் பற்றி: அவளிடமே கேள். கேட்க வழி இல்லையென்றால் பெயரை விட்டுவிடு. 45 என்று யாரும் எண்ணிக்கொண்டிருக்கப் போவதில்லை. அவள் வாழ்க்கை இன்று எந்த வீட்டில், யார் நடுவில் இருக்கிறது என்று உனக்கும் எனக்கும் தெரியாது. மேடையில் எழும் முணுமுணுப்பு உன்னோடு முடிந்துவிடும், அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அவளோடு முடியாது.


பதில் 4
பதிந்தவர்: கொலுசுப் பட்டறை
2025 பிப்ரவரி 18

பெயர் விட்டுப்போனவர்கள் யாராவது இருந்தால் எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் பதிவேட்டில் பெயர் விட்டுப்போன ஒருவன். மலையில் பத்தாம் வகுப்பு வரை படித்துவிட்டு, மாமாவின் துணையோடு சேலத்துக்கு இறங்கி வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் சேர்ந்தேன். கொலுசில் மணி பற்றவைக்கும் வேலை. ஒரு சோடிக்கு எத்தனை மணி என்று கணக்கு வைத்துக் கூலி. நெருப்பை ஊதி ஒரு புள்ளியில் நிறுத்த வேண்டும்; கொஞ்சம் நகர்ந்தாலும் மணி உருகிவிடும், அந்தச் சேதாரம் நம் கூலியில்தான் கழியும். இரண்டு ஆண்டில் கை பழகிவிட்டது. வேலையில் எனக்குக் குறையொன்றும் இல்லை.

என் வகுப்பினர் பிரிவு உபசார விழா நடத்திய அன்று நான் பட்டறையில்தான் இருந்தேன். என் பெயரை மேடையில் சொன்னார்களாம், பெரிதாகக் கைதட்டினார்களாம். இரவு வாட்ஸப் ஸ்டேட்டஸில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். நல்ல எண்ணத்தோடுதான் செய்தார்கள். ஆனால் அந்தக் கைதட்டல் எனக்குக் கேட்கவில்லையே. ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, "என்னைக் கூப்பிட்டிருந்தால் வந்திருப்பேனே" என்று எழுதி, அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

டீச்சர் சொல்வதும் அந்த அண்ணன் சொல்வதும் சரிதான். என்றாலும் வாசிப்பதா வேண்டாமா என்று பேசிக்கொண்டிருக்கும் எல்லாரும், அந்தப் பத்தொன்பது பேர் அங்கே இருக்கமாட்டார்கள் என்று முன்கூட்டியே முடிவுசெய்துவிட்டீர்கள். கூப்பிட்டுப் பாருங்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று, நான்கு நாள் முன்பே தெரிந்தால்தான் விடுப்புக் கேட்க முடியும். வியாழக்கிழமை காலை சொன்னால் ஒருவரும் வரமாட்டார்கள். கீழே இருப்பவர்களுக்கு ஊருக்குப் போகும் கடைசிப் பேருந்து எது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறி வந்துவிட்டு இரவு தங்க இடமில்லாமல் நிற்கக்கூடாது. பெரிய தடை கூச்சம்தான். யூனிஃபார்ம் போட்டவர்கள் நடுவில் கலர்ச் சட்டையோடு போய் நிற்க எனக்கு இன்றும் கால் வராது. ஆனால் அன்று நீங்களெல்லாம் வேட்டியிலும் சேலையிலும்தானே வருவீர்கள்? அதை மட்டும் சொல்லிக் கூப்பிடுங்கள், பாதிப் பேருக்குத் தயக்கம் போய்விடும்.


கேட்டவரின் பதில்
பதிந்தவர்: மலைமேல் மாணவி
2025 பிப்ரவரி 23

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இந்த ஐந்து நாளில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கொலுசுப் பட்டறை அண்ணன் எழுதியதைப் படித்த அன்றே வகுப்பாசிரியரிடம் காட்டினேன். அவர் தலைமையாசிரியரிடம் எடுத்துக்கொண்டு போனார். வருகிறவர்கள் வாசலில் பெயர் எழுதிக் கையெழுத்திட வேண்டும், ஐந்து மணிக்குள் அனைவரும் கிளம்பிவிட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனையோடு சம்மதம் கிடைத்தது. பதினோராம் வகுப்பினர் மட்டும், சாப்பாட்டுக் கணக்கு உதைக்கிறது என்று சற்று முறைத்தார்கள்; கூடுதல் ஆட்களுக்கு நாங்களே பணம் போடுகிறோம் என்றதும் சமாதானமானார்கள்.

டீச்சர் சொன்னபடி விசாரித்ததில் என் கணக்கு நிறையத் தப்பு என்று தெரிந்தது. பத்தாம் வகுப்புக்குப் பிறகு போன எட்டுப் பேரில் ஐவர் தொழிற்பயிற்சி நிலையத்திலும் பாலிடெக்னிக்கிலும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் அவர்களைப் பாதியில் நின்றவர்கள் என்று மேடையில் சொல்லியிருப்பேன். ஊர் மாறிப்போன நால்வரில் இருவருக்கு அதே வாரம் அவர்கள் பள்ளியிலும் விழா. மொத்தம் 13 பேரிடம் பேச முடிந்தது. ஆறு பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பேருந்து நேரத்தையும் வேட்டி, சேலை விவரத்தையும் மறக்காமல் சொன்னேன். ஒருவன், வேட்டி கட்டத் தெரியாது, சட்டை மட்டும் வெள்ளையாகப் போட்டால் போதுமா என்று கேட்டான்.

அந்தத் தோழியின் எண் அவள் அத்தை மூலம் கிடைத்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து அவளே திரும்ப அழைத்தாள். விவரத்தைச் சொன்னதும் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மேடையில் என் பெயர் வேண்டாம். ஆனால் அந்த நோட்டில் எனக்கு எத்தனை கோடு?" என்று கேட்டாள். ஒன்பது என்றேன். "ஒன்பதுதானா?" என்றாள்.

நாற்பத்தொரு கோடு வாங்கியவன் இப்போது, விடியற்காலையில் மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கும் வண்டியில் உதவியாளாகப் போகிறான். வியாழக்கிழமை மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும், வருகிறேன் என்றான். நான் எண்ணிக்கையைச் சொன்னதும் ஒரே சண்டை. அதில் ஆறு கோடு தன்னுடையது இல்லையாம்; பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் பேசியதற்கெல்லாம் இவன் பெயரில் போட்டுவிட்டேனாம்; அந்தப் பக்கத்து ஆள் இன்று எங்கள் உயிரியல் பிரிவில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருக்கிறான். விழாவுக்குள் திருத்தாவிட்டால் மேடைக்கு முன்னால் வந்து நின்று கேட்பேன் என்கிறான். நோட்டை எடுத்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். இரண்டு இடத்தில் பெயரை ரப்பரால் அழித்து மேலே வேறு பெயர் எழுதிய தடம் இருக்கிறது. யார் அழித்தது என்று நினைவில்லை, கையெழுத்து என்னுடையதுதான். முப்பத்தைந்து என்றே வாசிக்கப் போகிறேன்.